இரண்டாம் நாளில் போனவள்

யாஜெனுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் இருபத்தெட்டு வருஷத்தை வடக்கே ஷென்யாங் நகரத்தில், ஒரு மரக்கடையின் சமையல்கட்டில் கழித்துவிட்டாள். கணவர் லாரியிலிருந்து மரம் இறக்குவார், இவள் முப்பது பேருக்குச் சோறு பொங்குவாள். எங்கள் பூத்தியன் பக்கத்து ஜனங்களில் பாதிப் பேருடைய பிழைப்பு இப்படித்தான், எங்கேயோ தூரதேசத்தில் மரம் விற்றுக்கொண்டு. சீனப் புத்தாண்டுக்கு மட்டும் ஊர் திரும்புவார்கள். யாஜெனுக்கு அதுவும் ஆறு வருஷமாக வாய்க்கவில்லை. கணவருடைய முதுகு கெட்டுப்போய், அவரை விட்டுவிட்டு நகர முடியாமல் இருந்தாள்.

அந்த வருஷம் அவள் தனியாகக் கிளம்பி வந்ததற்குக் காரணம் பாவ்லியன். இருவரும் ஒரே ஓடையில் கால் கழுவி வளர்ந்தவர்கள். எட்டு வயதிலிருந்து ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்து கடல்சிப்பி உடைத்தவர்கள். பாவ்லியன் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவளுக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் வந்து பார்த்துவிட்டுப் போ என்று தம்பி தியன்ஷூ போனில் சொன்னான். என்ன உடம்புக்கு என்று கேட்டதற்கு, நேரில் வா, சொல்கிறேன் என்றான்.

வருஷத்தின் கடைசி நாள் மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தம்பி பையை வாங்கி மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். வயிற்றில் கட்டி, கண்டுபிடித்து ஆறு மாதம். ஈரல் வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கை விரித்து வீட்டுக்கு அனுப்பி இருபது நாள் ஆகிறது. ஆனால் பாவ்லியனுக்கு மட்டும் எதுவும் தெரியாது. வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஊர் முழுக்கத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

"நீயும் வாயக் கட்டிக்கோ அக்கா. அழுது வைக்காதே," என்றான்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் சாகப்போகிறவரிடம் சாகப்போகிறாய் என்று யாரும் சொல்வதில்லை. தெரிந்தால் மனசு விட்டுப்போய் நாளைக்குப் போகிற உயிர் இன்றைக்கே போய்விடும் என்று ஒரு பயம். பிரியம் உள்ள வீட்டில்தான் அதிகமாக மறைப்பார்கள்.

புத்தாண்டின் முதல் நாள் காலையில், சாமி கும்பிட்டு, மெல்லிய சேமியாக் கஞ்சி குடித்துவிட்டு, ஆரஞ்சுப் பழம் எடுத்துக்கொண்டு யாஜென் தோழியின் வீட்டுக்குப் போனாள். இரும்புக் கேட்டுக்கு வெளியிலேயே பாவ்லியனின் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். எண்பது வயதுக் கிழவி. முதுகு வளைந்திருந்தாலும் பிடி இரும்பு. வா என்றுகூடச் சொல்லவில்லை. யாஜெனின் மணிக்கட்டைப் பிடித்து நேராக எதிரிலிருந்த மாஜூ தாயாரின் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடலுக்குப் போகிறவர்களைக் காப்பாற்றுகிற தாயார் அவள். எங்கள் ஊரில் அவள் முன்னால் பொய் சொல்ல யாருக்கும் தைரியம் வராது. கிழவி மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தி யாஜெனின் கையில் திணித்தாள்.

"அவகிட்ட அந்த வார்த்தை உன் வாயால வராதுன்னு தாயார்கிட்ட சொல்லு."

யாஜென் சொன்னாள். வராது என்று மூன்று தரம் சொல்லி, பத்தியைச் சாம்பலில் செருகினாள். கிழவிக்கு அப்புறம்தான் முகம் சற்று இளகியது. நீ வந்தது நல்லதுதான், நேற்றிலிருந்து உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றாள்.

பாவ்லியனை மாடி ஜன்னல் ஓரத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சிவப்புச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி விட்டிருந்தார்கள். சட்டைக்குள் ஆள் இல்லை. யாஜென் வழியெல்லாம் சிரித்த முகத்தைப் பழகிக்கொண்டு வந்திருந்தாள், அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

"வாடி. வடக்கத்திக் காத்துல நல்லா ஊதிட்டே. மரக்கடையில மரத்தையே திங்கறியா?" என்றாள் பாவ்லியன்.

"பொறாமைப்படாதே. நீ திங்க வேண்டியதையும் சேர்த்துத் திங்கறேன்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிற மகன் இந்த மாதம் எந்தக் கடலில் இருக்கிறான், யாஜெனின் கணவருக்கு முதுகு எப்படி, தியன்ஷூவின் மனைவி புதிதாகக் கட்டிய பல்லில் இன்னும் சிப்பி கடிக்கப் பழகவில்லை, எல்லாம் பேசினார்கள். பாவ்லியனின் கணவன் குவோசென் கதவோரத்தில் நின்று, மனைவி சிரிக்கும்போதெல்லாம் தானும் சிரித்தான். அவனுக்கு எப்போதுமே பேச்சுக் குறைவு. பிறகு அவன் யாரோ வந்தார்கள் என்று கீழே போனான். விருந்தாளிக்கு முட்டை போட்டுச் சேமியா கொண்டு வருகிறேன் என்று கிழவியும் எழுந்து போனாள்.

கிழவியின் செருப்புச் சத்தம் படியில் இறங்கி ஓய்கிற வரை பாவ்லியன் காத்திருந்தாள்.

"முப்பத்திரண்டு வருஷத்துல என் மாமியார் எனக்கு ஒரு முட்டை உரிச்சுத் தந்ததில்ல யாஜென். இப்ப தினம் ரெண்டு. அதுலதான் எனக்குச் சந்தேகமே."

யாஜென் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை நான் கேக்கப்போறதில்ல. கிழவி உன்னைக் கோயிலுக்குள்ள இழுத்துட்டுப் போனத இந்த ஜன்னல் வழியாப் பார்த்தேன். நீ வாயத் திறக்க வேண்டாம். நான் பிழைப்பேன்னா, நாளைக்கு நீ உன் தம்பி வீட்டுலயே இரு. பிழைக்க மாட்டேன்னா, நாளைக்கு இங்க வா."

"நாளைக்கு ரெண்டாம் நாளாச்சே."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

இதை மற்ற ஊர்க்காரர்கள் கேட்டால் ஒன்றும் புரியாது. வடக்கே புத்தாண்டின் இரண்டாம் நாள்தான் கல்யாணமான பெண்கள் பிறந்த வீட்டுக்குக் குதித்துக்கொண்டு போகிற நாள். எங்கள் பக்கம் அன்றைக்கு யாரும் யார் வாசலையும் மிதிக்க மாட்டார்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கடற்கொள்ளைக்காரர்கள் வந்து ஊரை அழித்தபோது, மலைக்கு ஓடிப் பிழைத்தவர்கள் இரண்டாம் நாள் திரும்பி வந்து வீடு வீடாகப் பிணம் எடுத்தார்களாம். அதிலிருந்து இரண்டாம் நாள் என்றால் துக்கம் கேட்கிற நாள். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும்தான் அன்றைக்குப் போவார்கள். உயிரோடு ஆள் இருக்கிற வீட்டுக்கு அன்றைக்கு ஒருவர் போய் நின்றால், அங்கே ஒரு பிணம் இருக்கிறது என்று சொன்னதாக அர்த்தம்.

யாஜென் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்துவிட்டு, எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்று மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் குட்டியைப் பார்க்கணும்," என்றாள் பாவ்லியன்.

முப்பத்தோரு வருஷமாக இரண்டு பேரும் வாயால் எடுக்காத பேச்சு அது. பாவ்லியனுக்கு முதலில் பிறந்தது பெண். ஒரு பிள்ளைக்கு மேல் கூடாது என்று அதிகாரிகள் வீடு வீடாகக் கணக்கெடுத்த காலம். கிழவிக்குப் பேரன் வேண்டும். குவோசென் தாயை எதிர்த்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் குழந்தையைத் துணியில் சுற்றி, சிப்பிக் கூடையில் வைத்து, மலைப்பக்கம் ஷிகெங் ஊரில் பிள்ளை இல்லாத ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தது யாஜென்தான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, கல்யாணம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது பாவ்லியன் எந்த ஊர், எந்த வீடு என்று கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவேன், அதனால் சொல்லாதே என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீடு யாஜெனுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் இப்படிப் போன பெண்குழந்தைகள் எத்தனையோ. கடவுள் கணக்கு வைத்திருப்பார்.

"பிழைக்கிறதா இருந்தா நான் போக மாட்டேன். குடுத்தது குடுத்ததுதான். அவ பொழப்புல போய்ப் புகுந்து கலைக்க மாட்டேன். சாகறதா இருந்தா ஒரு தடவை பார்த்துக்கறேன். அவ்வளவுதான்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிழவி இரண்டு கிண்ணம் சேமியாவோடு வந்து, மருமகளின் கிண்ணத்தில் முட்டை பெரியதாக இருக்கிறதா என்று பார்த்து மாற்றி வைத்தாள். பாவ்லியன் இரண்டு வாய் சாப்பிட்டாள். ரொம்ப ருசி அத்தை என்றாள்.

யாஜென் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்து அன்றைக்கு இருட்டும் முன்பே படுத்துக்கொண்டாள். பயணக் களைப்பு என்று நினைத்தார்கள். போகாமல் இருந்துவிட்டால் ஒரு பொய். அதுவும் வாயால் சொல்கிற பொய் இல்லை, சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே அது பொய் ஆகிவிடும். பாவ்லியன் நாள் முழுக்க ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்து, யாரும் வரவில்லை, பிழைத்துவிடுவேன் என்று சந்தோஷப்படுவாள். பத்து நாளோ பதினைந்து நாளோ கழித்து, மகளைப் பார்க்காமலே செத்துப்போவாள். போனாலோ, அந்த வீட்டு ஜனங்கள் ஆறு மாதமாக உயிரைக் கொடுத்துக் கட்டிக் காத்த நிம்மதியை ஒரே நடையில் உடைத்தவள் ஆகிவிடுவாள். தாயார் முன்னால் செய்த சத்தியமும் இருந்தது. வாயால் வராது என்றுதான் சொன்னாள், உண்மைதான். ஆனால் தாயாரிடம் அப்படி வார்த்தை பார்த்து வழக்காடுவது அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் விடிந்ததும் கோயிலுக்குப் போனாள். அன்றைக்கு அங்கே யாரும் இல்லை. பலிபீடத்தில் பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும், ஒரு பக்கம் தட்டையாகவும் ஒரு பக்கம் உருண்டையாகவும். கேள்வியை மனசில் வைத்துக் கீழே போட்டால், ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் தாயார் சம்மதிக்கிறாள். இரண்டும் குப்புற விழுந்தால் கூடாது. இரண்டும் மல்லாந்தால் தாயார் சிரிக்கிறாள், பதில் கிடையாது. யாஜென் மண்டியிட்டு, போகட்டுமா என்று கேட்டுப் போட்டாள். இரண்டும் மல்லாந்து கிடந்தன. மறுபடி போட்டாள், மல்லாந்தன. மூன்றாம் தரமும் அப்படியே. தாயார் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை, என் தலையிலேயே விட்டுவிட்டாள் என்று யாஜெனுக்குப் புரிந்தது. கட்டைகளை எடுத்துத் துடைத்துப் பீடத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பிறகு எழுந்து, தெருவைக் கடந்து நடந்தாள். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. இரு பக்கமும் கதவுகள் சாத்தியிருந்தன. கதவுகளில் புத்தாண்டுக்கு ஒட்டிய சிவப்புத் தாள்களுக்கு மேல், எங்கள் வழக்கப்படி, அந்தப் பழைய துக்கத்தின் நினைவாக ஒரு விரல் அளவு வெள்ளை தெரிந்தது. ஒரு ஜன்னல் திறந்தது. ஒருத்தி எட்டிப் பார்த்து, இவள் எந்தத் திசையில் போகிறாள் என்று கண்டதும் சட்டென்று மூடினாள்.

கிழவி முற்றத்தில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியே யாஜென் நிற்பதைப் பார்த்ததும் முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பின் விளங்கியது. எழுந்து வந்து, கழுவின தண்ணீரை வாளியோடு எடுத்துக் கம்பி இடுக்கு வழியாக யாஜெனின் மேல் ஊற்றினாள். தொண்டையைத் தாழ்த்திக்கொண்டு, மேலே இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, என்னவெல்லாமோ வைதாள். நாசமாய்ப் போனவளே, வடக்கே போய் ஊர் வழக்கத்தையே மறந்து தொலைத்தாயா, போ, போ என்றாள். தை மாதக் குளிரில் யாஜென் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றாள். மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

பாவ்லியன் ஜன்னலில் இருந்தாள். பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்க வேண்டும். அவள் அழவில்லை. கடையில் ஒரு சாமானின் விலையைக் கேட்டுவிட்டு, சரி, அவ்வளவுதானா என்று தலையாட்டுவார்களே, அப்படி ஒரு தரம் தலையாட்டினாள். பின் போ என்று கையைக் காட்டினாள்.

கிழவியும் திரும்பி மேலே பார்த்தாள். வாளி அவள் கையிலிருந்து விழுந்தது. அந்தக் கிழவி முற்றத்து ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டதை யாஜென் பார்த்தாள். தூக்கிவிட என்று கேட்டைத் தள்ளினாள். பூட்டியிருந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தியன்ஷூ அக்காவைத் திட்டவில்லை. ஆனால் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். இந்தத் தீட்டோடு இந்த வருஷம் நம் வலையில் மீன் விழுந்த மாதிரிதான் என்று அவன் மனைவி, யாரிடமும் இல்லாமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலையில் குவோசென் மோட்டார் சைக்கிளோடு வந்து வாசலில் நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று தியன்ஷூ எழுந்து வெளியே போனான். குவோசென் அவனைத் தாண்டி யாஜெனைப் பார்த்தான். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது.

"அவ எல்லாத்தையும் சொல்லிட்டா. அவளால பைக்ல உக்கார முடியாது. உன்னைப் போய் அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொல்றா. ஏறு," என்றான்.

வழியில் அவன் ஒரே ஒரு முறைதான் பேசினான். நேற்று அவளுக்குத் தெரிந்த பிறகு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன், அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அம்மாவுக்கு உண்டு என்றான். ஷிகெங் ஊருக்கு அரை மைல் முன்னால் பாலத்தில் வண்டியை நிறுத்தினான். அதற்கு மேல் அவன் வரவில்லை.

"நான் எந்த மூஞ்சியோட வரது," என்றான். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தான்.

பழைய மண்வீட்டின் இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம் நின்றது. கிணறு மட்டும் அப்படியே இருந்தது, அதை வைத்துத்தான் யாஜென் கண்டுபிடித்தாள். முற்றத்தில் ஒரு கிழவி வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். யாஜெனைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் பார்த்த முகம். அவள் மறக்கவே இல்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலைச் சுற்றி இன்னொன்று. அம்மாவைப் பார்க்கப் புத்தாண்டுக்கு வந்திருக்கிறாள் போலும். யாரம்மா இது என்றாள்.

"கடற்கரைக்காரி. முன்ன இந்தப் பக்கம் சிப்பி விக்க வருவா," என்றாள் கிழவி.

"சும்மாதான் வந்தீங்களா அத்தை? எங்களுக்குச் சிப்பி கொண்டு வரலியா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். நாற்காலி இழுத்துப் போட்டாள். டீ ஊற்றினாள். குழந்தையை இறக்கிவிட்டு, முற்றத்துப் படியில் உட்கார்ந்து கரும்பு சீவி, துண்டு போட்டு, விருந்தாளிக்குத் தட்டில் வைத்தாள். சீவிக்கொண்டே பேசினாள். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாம், சின்னவள் மண் தின்கிறாளாம், கணவன் ரொம்ப நல்லவன்தான் ஆனால் ராத்திரி குறட்டை. யாஜென் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையில் துணியை விலக்கிப் பார்த்த முகம் இதில் எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

அந்தப் பெண் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் கிழவி யாஜெனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கு வந்தாய் என்று கேட்டாள். யாஜென் சொன்னாள், அவளைப் பெற்றவள் சாகக் கிடக்கிறாள் என்று. அந்த வார்த்தையை வாய்விட்டு அவள் சொன்னது அப்போதுதான்.

"அவளுக்குத் தெரியாது," என்றாள் கிழவி. "கல்யாணத்துக்கு முன்ன சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் ஒரு பிள்ளை பிறக்கட்டும்னு இருந்தேன். நாக்கு வரலம்மா. அவரும் போயிட்டாரு. எனக்கு இவ ஒருத்திதான். உன் கால்ல விழறேன்."

உண்மையாகவே விழப் போனாள். யாஜென் தாங்கிப் பிடித்தாள். எண்ணிப் பார்த்தால் யாஜென் அந்தப் பெண்ணிடம் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இங்கே அவள் எந்தச் சத்தியமும் செய்யவில்லை, அவளைத் தடுக்க யாரும் இல்லை. அந்தப் பெண் செம்பில் தண்ணீரோடு வந்து, என்ன இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், என்ன கண்ணில் தண்ணீர் என்று கேட்டாள். பழைய கதை பேசினோம் என்றாள் கிழவி. யாஜென் கரும்புத் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல இனிப்பு என்றாள். அடுத்த தரம் வரும்போது சிப்பி கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

பாலத்தில் குவோசென் இவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். பின் சிகரெட்டை மிதித்து அணைத்தான்.

அன்றைக்கு அவன் தன் தாயிடம் என்ன சொன்னானோ, கேட் திறந்திருந்தது. கிழவி சமையல்கட்டிலிருந்து வெளியே வரவில்லை. பாவ்லியன் இப்போது படுக்கையில் இருந்தாள். நாற்காலியில் உட்கார முடியவில்லை. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தவள், யாஜென் மட்டும் உள்ளே வந்ததும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

யாஜென் எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, வளர்த்தவள் காலில் விழ வந்தாள், நான் சொல்லவில்லை என்று. அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் மறைக்கவில்லை. பாவ்லியன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"சரி. நீ செஞ்சது சரிதான். பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு. ரெண்டும் பொண்ணு."

"ரெண்டையும் வச்சிருக்காளா?"

"வச்சிருக்கா."

அப்புறம், மூஞ்சி யார் மாதிரி என்று பாவ்லியன் கேட்டாள். உன் குவோசென் மாதிரி என்றாள் யாஜென். பாவம், என்று பாவ்லியன் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று.

"அவ கரும்பு சீவினாள்னு சொன்னியே. கத்தி எந்தக் கையில?"

யாஜென் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"என் அம்மா இடது கை. நான் இடது கை. நீ எதிர்ல உக்காந்து சிப்பி உடைக்கறப்ப என் கத்தி உன் கத்தியில இடிக்கும்னு திட்டுவியே. அந்தக் குட்டியும் பிறந்த அஞ்சு நாளும் இடது கையத்தான் வாயில வச்சுச்சு. இன்னும் இடதுதானான்னு பார்க்கத்தான் நினைச்சேன்."

யாஜென் ஒரு மணி நேரம் அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கத்தியும் கரும்பும் கண் முன்னால்தான் இருந்தன. எத்தனை நினைத்தும் யாஜெனுக்கு அந்தக் கை ஞாபகத்துக்கு வரவில்லை. இடது என்று சொன்னால் போதும். படுத்துக் கிடப்பவள் அதை எடுத்துக்கொண்டு போயிருப்பாள். ஆனால் இந்த வீட்டில் எல்லாரும் அவளிடம் பொய் சொல்லித் தீர்த்த பிறகு, தானும் ஒன்று சொல்ல யாஜெனுக்கு மனசு வரவில்லை.

"கவனிக்கல பாவ்லியன். மூஞ்சியையே பார்த்துட்டிருந்துட்டேன்."

"போகட்டும்," என்றாள் பாவ்லியன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய கை மட்டும் போர்வைக்கு மேலே யாஜெனின் கையைப் பிடித்தபடி கிடந்தது. இருட்டுகிற வரைக்கும் யாஜென் அதை எடுக்கவில்லை.

நான்காம் நாள் மத்தியானம் பாவ்லியன் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் எங்கள் பக்கம், அந்தக் கொள்ளையில் நின்றுபோன புத்தாண்டை இரண்டாம் தரம் கொண்டாடுவார்கள், வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே போய்விட்டாள். யார் கால் பட்டுப் போனாள் என்பதில் ஊருக்குச் சந்தேகம் இல்லை. யாஜெனும் அதை மறுத்துப் பேசவில்லை. இருக்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாள்.

ஆறாம் நாள் எடுத்தார்கள். மகனால் வர முடியவில்லை, கப்பல் நடுக்கடலில் இருந்தது. பெண்கள் உட்கார்ந்து, செத்தவருக்காக எரிக்கிற தங்கத்தாள் மடிக்கிற இடத்துக்கு யாஜென் போனபோது, கிழவி ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து, அவள் தோளைப் பிடித்துத் திருப்பிக் கேட்டுக்கு வெளியே விட்டாள். யாஜென் எதிர்ச்சுவர் ஓரமாகச் சந்தில் நின்றுகொண்டாள்.

சவப்பெட்டி வாசலுக்கு வந்தது. எங்கள் வழக்கத்தில், வாசலைத் தாண்டும் முன் மகள் பெட்டியில் கை வைத்து ஒப்பாரி சொல்ல வேண்டும். மகள் அழாமல் போகிற உயிருக்குப் பாதை தெரியாது என்பார்கள். தூக்குகிறவர்கள் வழக்கம் தவறாமல் பெட்டியை வாசலில் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகுதான் அழுவதற்கு ஆள் இல்லை என்று எல்லாருக்கும் உறைத்தது. குவோசென் தலையைக் குனிந்துகொண்டான். கிழவி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் அதே கேட் வழியாகத்தான் கூடை வெளியே போனது. யாரும் அசையவில்லை.

சந்திலிருந்து யாஜெனின் குரல் எழும்பியது. அம்மா என்று ஆரம்பித்தாள். என்னை விட்டுட்டு எந்த வழியா போறே அம்மா, உனக்குச் சோறு வைக்க நான் வரலியே அம்மா என்று, மகள் சொல்ல வேண்டிய வரிசையில், ஒன்றும் விடாமல் சொன்னாள். நல்ல குரல் இல்லை. முப்பது பேருக்குச் சமைத்துப் புகை குடித்த தொண்டை. தோழிக்காகச் சொல்கிற வார்த்தை ஒன்றையும் அதில் கலக்கவில்லை.

ஊரார் கிழவியைப் பார்த்தார்கள், அவள் என்ன செய்வாள் என்று. கிழவி யாஜெனின் பக்கம் திரும்பவில்லை. ஒப்பாரி முடிகிற வரைக்கும் பெட்டியைத் தூக்கச் சொல்லி உத்தரவு கொடுக்கவும் இல்லை. முடிந்ததும் கையைக் காட்டினாள். தூக்கினார்கள்.

யாஜென் ஊர்வலத்துக்குப் பின்னால் போகவில்லை. தம்பி வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸுக்கு ரோட்டில் வந்து நின்றாள்.